ஊழியர்களின் சோர்வு: பக்திக் குறைவா, வேலையின் அமைப்பா?

வேதாகமத்தில் எண்ணாகமம் 8ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை வைத்துப் பிரசங்கம் கேட்டவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். லேவியர்கள் 25 வயதில் ஆசரிப்புக் கூடாரப் பணிக்கு வர வேண்டும், 50 வயதில் அதை விட்டுவிட வேண்டும் என்கிறது அந்தப் பகுதி. அதன்பிறகு மற்ற சகோதரர்களுக்குத் துணையாக நிற்கலாம், ஆனால் பாரமான வேலை கிடையாது. 1 நாளாகமம் 24இல் ஆசாரியர்களை 24 வகுப்புகளாகப் பிரித்து முறை வைக்கிறார் தாவீது. பல நூற்றாண்டுகள் கழித்து, யோவான் ஸ்நானகனின் தந்தை சகரியாவின் நாட்களிலும் அந்த முறை நடைமுறையில் இருந்தது. அவர் தன் வகுப்பின் முறை வந்தபோது ஆலயத்தில் பணி செய்தார்; ஊழியத்தின் நாட்கள் நிறைவேறியதும் வீட்டுக்குப் போனார் என்று லூக்கா எழுதுகிறார். தேவதூதனை நேரில் பார்த்த மனிதர்கூட முறை முடிந்ததும் வீட்டுக்குத்தான் போனார்.

போதகர்கள் போன்ற இன்றைய சபை ஊழியர்கள் பலருக்கு அந்த முறையும் இல்லை, அந்த வயது வரம்பும் இல்லை. தொடக்கமும் முடிவும் குறிக்கப்படாத வேலை அது. அதில் ஒருவர் சோர்ந்துபோனால் 'இன்னும் ஜெபித்திருக்க வேண்டும்' என்பதுதான் முதல் தீர்ப்பாக வருகிறது, பெரும்பாலும் அவர் வாயிலிருந்தே. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. ஊழியர்களின் சோர்வில் பெரும்பகுதி அந்த வேலை அமைந்திருக்கும் விதத்தில் பிறக்கிறது. ஆகவே தாங்கி நிற்கும் பலத்தையும் அவருடைய வைராக்கியத்தில் மட்டும் தேடக் கூடாது. அதில் பாதி சபையின் கையில் இருக்கிறது.

எந்தச் சோர்வு?

உடல் களைப்பு இரண்டு நாள் நன்றாகத் தூங்கினால் போய்விடும். இங்கே பேசுவது வேறு. 1974இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தன்னார்வலர்களோடு வேலை செய்த அனுபவத்தை வைத்து 'பர்ன் அவுட்', அதாவது எரிந்து தீர்ந்துபோவது, பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சம்பளத்துக்காக அங்கே வந்தவர்கள் இல்லை அவர்கள். உதவ வேண்டும் என்று தாங்களாகவே வந்தவர்கள். அர்ப்பணிப்பு மிகுந்தவர்களே இதற்கு ஆளாகிறார்கள் என்று அவர் கவனித்தார். பகலில் தன் தொழில், இரவில் அந்த மருத்துவமனை என்று ஓடி அவரும் அப்படி விழுந்தவர்தான்.

1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். மூன்று அடையாளங்களை அது பார்க்கிறது: மனம் வற்றிப்போவது, மனிதர்கள் மேல் ஒரு விலகலும் கசப்பும் வருவது, செய்த எதற்கும் பயனில்லை என்று தோன்றுவது. 2019இல் உலக சுகாதார அமைப்பு தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் இதைச் சேர்த்தபோது, நோய் என்று குறிக்கவில்லை. சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்றது. வேலை அழுத்தம் என்றுதான் இருக்கிறது. ஆளின் குணம் என்று இல்லை.

மூன்றில் முதலாவதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஓடி ஓடிக் களைத்த போதகரைப் பார்த்து சபை பரிதாபப்படும், பாராட்டவும் செய்யும். இரண்டாவதை யாரும் வெளியே சொல்வதில்லை. ஒருவர் இறந்துவிட்டதாகப் போன் வருகிறது. மனதில் முதலில் எழுவது துக்கம் இல்லை, 'இந்த வாரமுமா?' என்ற எரிச்சல். கண்ணீரோடு பேசுகிறவரின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே மனது வேறெங்கோ இருக்கிறது. நல்ல ஊழியர்கள் இதைத் தங்களுக்குள் கண்டு மிரண்டுபோகிறார்கள். தன் அழைப்பே பொய்யோ என்று சந்தேகிக்கிறார்கள். அது களைத்த மனம் தன்னைக் காத்துக்கொள்ளப் போடும் தடுப்பு என்று யாராவது எடுத்துச் சொன்னால் பாதிப் பயம் தெளிந்துவிடும்.

இது நவீன காலத்து நோஞ்சான்தனம் என்று நினைப்பவர்கள் 4ஆம் நூற்றாண்டு எகிப்துக்குப் போகலாம். பாலைவனத் துறவியான எவாக்ரியுஸ், துறவிகளைப் பிடிக்கும் ஒரு சலிப்பைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அது நடுப்பகலில் வரும். சூரியன் நகரவே இல்லையோ என்று வெளியே எட்டிப் பார்க்க வைக்கும். இந்த இடமும் பிடிக்காது, இந்த வேலையும் பிடிக்காது, சகோதரர்களிடம் அன்பே அற்றுப்போய்விட்டது என்று தோன்றும். வேறு எங்காவது போனால் நன்றாக இருக்கும் என்று கற்பனை ஓடும். 91ஆம் சங்கீதத்தின் வார்த்தைகளைக் கொண்டு இதை நடுப்பகல் பிசாசு என்று அழைத்தார்கள். மாஸ்லாக்கின் கேள்வித்தாளை அந்தத் துறவிகளிடம் கொடுத்திருந்தால் தயங்காமல் நிரப்பியிருப்பார்கள்.

இந்த வேலையில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில், உணர்ச்சியே இங்கு வேலையாக இருக்கிறது. காலையில் அடக்க ஆராதனை, மதியம் கமிட்டிக் கூட்டம், மாலையில் திருமணம். மூன்றுக்கும் மூன்று முகங்கள் வேண்டும், மூன்றும் உண்மையாகவும் இருக்க வேண்டும். சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து, உள்ளுணர்வை அடக்கி வேறொன்றைக் காட்டுவதும் ஓர் உழைப்புதான், அதற்கும் விலை உண்டு என்று காட்டினார். விமானப் பணிப்பெண்ணுக்கு விமானம் இறங்கியதும் புன்னகையைக் கழற்றி வைக்கலாம். போதகர் கடைக்குப் போனாலும் போதகர்தான்.

அடுத்தது உறவுகளின் சிக்கல். ஒரு மருத்துவர் தன் நோயாளியின் வீட்டு விருந்தில் தலைமை தாங்குவதில்லை. நோயாளி அவருடைய சம்பளத்தை முடிவு செய்வதும் இல்லை. ஊழியரிடம் இந்த வாரம் தன் குடும்பச் சிக்கலைச் சொல்லி அழுதவர், அடுத்த வாரம் கமிட்டியில் உட்கார்ந்து அவருடைய செலவுக் கணக்கைக் கேட்பார். அவரே நண்பர், அவரே மேய்க்கப்படுகிறவர், ஒரு வகையில் அவரே முதலாளி. இவர்களில் யாரிடம் ஊழியர் தன் பலவீனத்தைச் சொல்வது? அப்புறம் அவர் மனைவி, பிள்ளைகள். வீட்டில் நடக்கும் சின்னச் சண்டைகூடச் சாட்சியைப் பாதிக்குமோ என்று கதவைச் சாத்திக்கொண்டு வாழும் குடும்பங்கள் உண்டு.

மூன்றாவது இன்னும் நுட்பமானது. மற்றவர்களுக்கு ஜெபமும் வேதவாசிப்பும் வேலையிலிருந்து ஒதுங்கும் இடம். ஊழியருக்கு அதுவே வேலை. சங்கீதத்தைத் திறந்தாலே மூன்று குறிப்புள்ள பிரசங்கமாகத் தெரிகிறது. 'வேதத்தில் அதிகமாக ஊன்றுங்கள்' என்ற அறிவுரை இந்த நிலையில் இருப்பவருக்கு ஓவர்டைம் பார்க்கச் சொல்வது போலக் கேட்டால் ஆச்சரியமில்லை.

புள்ளிவிவரங்களில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. 'மாதந்தோறும் 1500 போதகர்கள் ஊழியத்தை விட்டுப் போகிறார்கள்' என்ற வரி பல வருடங்களாகக் கைமாறி வருகிறது. அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. லைஃப்வே நிறுவனம் அமெரிக்காவின் சுவிசேஷ மற்றும் கறுப்பின புராட்டஸ்டண்ட் சபைகளின் மூத்த போதகர்களிடம் நடத்திய ஆய்வுகளில், ஓய்வு, மரணம் தவிர்த்து வருடத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 சதவீதம் பேரே ஊழியத்தை விட்டதாகத் தெரிந்தது. ஆனால் பார்னா நிறுவனத்தின் கணிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முழுநேர ஊழியத்தை விட்டுவிடலாமா என்று கடந்த ஒரு வருடத்தில் யோசித்ததாகச் சொன்ன அமெரிக்கப் போதகர்கள், ஜனவரி 2021இல் 29 சதவீதம். மார்ச் 2022இல் 42 சதவீதம். அவர்கள் சொன்ன காரணங்களில் கடும் அழுத்தம் முதலாவது, தனிமை இரண்டாவது. இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்தால் எனக்குத் தெரிவது இதுதான்: பெரும்பாலோர் போவதில்லை. போய்விடலாமா என்ற எண்ணத்தோடே இருந்துகொண்டு மேடையேறுகிறார்கள். அது சபைக்கும் நல்லதல்ல.

உடலும் கணக்கில் வருகிறது. 2007இல் டியூக் பல்கலைக்கழகம் வட கரோலினாவின் ஐக்கிய மெதடிஸ்ட் போதகர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து ஆராயும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதே மாநிலத்து மற்ற மக்களைவிடப் போதகர்களிடையே உடல்பருமன் சுமார் 10 சதவீதப் புள்ளிகள் அதிகமாக இருந்தது. மனச்சோர்வு அறிகுறிகளும் பொதுமக்களைவிடக் கூடுதலாக இருந்தன. புகை, மது என்று ஓடாத ஒரு கூட்டத்தில் இந்த நிலை என்பதுதான் யோசிக்க வைக்கிறது. நேரம் தவறிய சாப்பாடு, உட்கார்ந்தே ஓடும் நாள், போகிற வீட்டில் எல்லாம் மறுக்க முடியாத உபசரிப்பு!

சிலுவையும் காலெண்டரும்

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். தன்னை வெறுத்துச் சிலுவையை எடுத்துக்கொள்ளச் சொன்னவரின் பின்னால் போகிறவருக்குத் தன்னைப் பேணுவது என்ன பேச்சு? இந்த ஆட்சேபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தன்னைப் பேணுதல் என்ற பெயரில் விற்கப்படும் சரக்கில் பாதி வெறும் சொகுசு. கஷ்டமான வீட்டுக்குப் போகாமல் தப்பிக்க அதைச் சாக்காக்குபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சுவிசேஷத்துக்காகப் படும் பாடு வேறு, ஒழுங்கில்லாத காலெண்டரால் படும் பாடு வேறு. இரண்டாவதற்குச் சிலுவை என்று பெயர் வைத்துவிட்டால் அதைத் திருத்த யாருக்கும் மனம் வராது.

1806இல் கல்கத்தாவில் வந்திறங்கிய ஆங்கிலேய ஊழியர் ஹென்றி மார்ட்டின், கடவுளுக்காக எரிந்து தீர்ந்துவிடுகிறேன் என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். புதிய ஏற்பாட்டை உருதுவிலும் பாரசீகத்திலும் மொழிபெயர்த்துவிட்டு, 1812இல் துருக்கியின் தோகாத்தில் 31 வயதில் இறந்தார். அவருடைய காசநோய்க்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு முன்பே, 1793இல், வங்காளத்துக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரி 1834 வரை 41 வருடம் அங்கேயே வேலை செய்தார் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். 1812இல் செராம்பூர் அச்சுக்கூடம் எரிந்து, பல வருட உழைப்பின் கையெழுத்துப் பிரதிகள் சாம்பலானபோதும் உட்கார்ந்து மறுபடி தொடங்கினார்.

அதற்கு அவருடைய விடாமுயற்சியை மட்டும் காரணமாகச் சொல்வது வழக்கம். நான் இன்னும் இரண்டைச் சேர்ப்பேன். அவர் தனியாள் இல்லை. சக மிஷனரிகளான மார்ஷ்மன், வார்டு இருவரோடும் ஒரே குடும்பம் போலப் பொதுப் பணத்தில் வாழ்ந்தார். சனிக்கிழமை மாலையைத் தங்களுக்குள் இருந்த மனஸ்தாபங்களைப் பேசித் தீர்ப்பதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். இன்னொன்று அவருடைய தோட்டம். செடிகொடிகளில் அவருக்கு இருந்த பித்து ஊருக்கே தெரியும். 1820இல் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தையே தொடங்கிவிட்டார். ஆனாலும் கேரியை முழு முன்மாதிரியாக நிறுத்தக் கூடாது. விருப்பமில்லாமல் கூட வந்த அவர் மனைவி டாரதி, மகனைப் பறிகொடுத்து, மனநோயில் பல வருடங்கள் கிடந்து 1807இல் இறந்தார். ஊழியரின் தாங்குதிறனுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை அந்த வீடு இன்றும் கேட்கிறது.

தோட்ட விஷயத்துக்கு ஆய்விலும் துணை இருக்கிறது. 2007இல் சபீன் சொன்னன்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் இருவரும் வேலைக்களைப்பிலிருந்து மனம் எப்படி மீள்கிறது என்று பார்த்து நான்கு அனுபவங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: வேலையை மனதிலிருந்தும் இறக்கி வைப்பது, தளர்ந்து இருப்பது, வேறொரு திறமையில் தேர்ச்சி காண்பது, தன் நேரம் தன் கையில் இருப்பது. ஊழியத்தில் எதுவும் முடிவதில்லை. ஒரு பிரசங்கம் முடியும்போதே அடுத்தது தொடங்கிவிடுகிறது. நட்ட செடி பூக்கிறது, பழுது பார்த்த சைக்கிள் ஓடுகிறது என்று கண்ணால் முடிவைப் பார்க்கும் ஏதோ ஒன்று வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை என்று அறிவித்துவிட்டு நாள் முழுவதும் சபை வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொண்டிருப்பது விடுமுறையில் சேராது. அவசரத்துக்கு இன்னொருவர் எண்ணைக் கொடுத்துவிட்டு, குழுவின் சத்தத்தை அணைத்து வைத்தால்தான் அந்த முதல் அனுபவம் கிடைக்கும்.

தூக்கத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். முழு இரவு ஜெபம் நடத்தியவர் மறுநாள் காலை வீடு சந்திக்கக் கிளம்புவது வீரம் ஆகாது.

ஜெபத்தை வேலையிலிருந்து மீட்பது கொஞ்சம் கடினம். எனக்குத் தெரிந்து உதவுவது, பிரசங்கமாக மாறாது என்று முன்கூட்டியே முடிவு செய்த ஒரு பகுதியை வாசிப்பது. குறிப்பேடு பக்கத்தில் இருக்கக் கூடாது. இன்னொரு வழி, இயேசு சபை என்ற துறவற சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா விட்டுச்சென்ற நாள்முடிவு ஆய்வு: நாளைப் பின்னோக்கிப் பார்த்து, எங்கே நன்றி எழுந்தது, எங்கே மனம் வறண்டது என்று கவனிப்பது. டியூக் ஆய்வாளர்கள் போதகர்களிடம் சோதித்துப் பார்த்த அழுத்தக் குறைப்பு முறைகளில் இதுவும் ஒன்று. இக்னேஷியஸ் இதை அனுபவித்து எழுதியவர். 1522இல் மன்ரேசாவில் கடும் உபவாசம் இருந்து தன் வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, வாழ்நாள் முழுக்க அவதிப்பட்டார். பின்னாளில் தன் சபையினர் தவத்தில் அளவு மீறாதபடி தடுத்தவரும் அவரே.

12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்தின் தலைவர் பெர்னார்ட், முன்பு தன் மடத்தில் துறவியாக இருந்து போப் ஆகிவிட்ட மூன்றாம் யூஜினுக்குக் கண்டிப்பாகவே எழுதினார்: காலையிலிருந்து இரவு வரை வழக்கு கேட்கிறீர், எல்லாருக்கும் உம்மைக் கொடுக்கிறீர் என்றால் அந்த எல்லாரில் நீரும் ஒருவராக இரும். அதே பெர்னார்ட் இன்னோரிடத்தில் கால்வாயாக இருக்காதே, நீர்த்தேக்கமாக இரு என்கிறார். கால்வாய் வாங்கிய உடனே கொட்டிவிடும். தேக்கம் நிரம்பும்வரை காத்திருந்து, வழிவதை மட்டும் கொடுக்கும். தேவாலயத்தில் கால்வாய்கள்தான் அதிகம் என்று அன்றைக்கே வருத்தப்பட்டிருக்கிறார்.

யாரிடம் சொல்வது?

மற்ற எல்லாப் பழக்கங்களையும்விட இதைத்தான் நான் மேலே வைப்பேன். மனநல ஆலோசகர்களுக்குத் தங்கள் வேலையைப் பற்றிப் பேச ஒரு மேற்பார்வையாளர் இருப்பார்; தொழில் முறையே அப்படி. ஊழியருக்கு அது பெரும்பாலும் அமைவதில்லை. இந்தக் குறையைக் கண்டுகொண்டவர்களில் ஒருவர் ஆண்டன் பாய்சன். அமெரிக்கப் போதகரான அவர் 1920இல் மனநிலை கடுமையாகப் பாதிக்கப்பட்டு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குணமான பிறகு வூஸ்டர் மாநில மருத்துவமனையில் சாப்ளினாக, அதாவது மருத்துவமனைப் போதகராக, சேர்ந்து, 1925இல் இறையியல் மாணவர்களை நோயாளிகளோடு பழகவிட்டு, பழகியதைத் திரும்ப அலசச் சொல்லும் பயிற்சியைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் நடக்கும் மருத்துவமனை மேய்ப்பர் பயிற்சிக்கு அதுவே ஒரு தொடக்கம்.

அத்தகைய பயிற்சி கிடைக்காவிட்டாலும் வேறு சபையைச் சேர்ந்த இரண்டு மூன்று ஊழியர்கள் மாதம் ஒருமுறை சந்திக்கலாம். வேறு சபை என்பது முக்கியம்; ஒருவர் மற்றவரின் சம்பளத்தையோ மாற்றலையோ தீர்மானிக்கக் கூடாது. சபைப் பெயர்களைச் சொல்லாமல், 'எனக்கு இந்த மாதம் யார்மேல் எரிச்சல்' என்று பேச முடிகிற இடமாக இருக்க வேண்டும். ஜெபக்குறிப்பு பரிமாறிக்கொண்டு கலைந்துவிட்டால் அதில் பயனில்லை. தனிமை தேடி ஒதுங்கச் சொல்லும் ஆன்மீக மரபுக்கு லூத்தர் ஒரு திருத்தம் தருகிறார். துக்கத்தில் மூழ்கிய நண்பருக்கு 1530இல் எழுதிய கடிதத்தில், தனியாக இருக்காதே, நாலு பேரோடு பேசு, சிரி என்கிறார். வற்றியவருக்குத் தனிமை நல்லதாக இருக்கலாம், இருண்டுபோனவருக்கு ஆகாது.

இருள் என்ற சொல்லை வேண்டுமென்றே வைத்தேன். எதிலும் நாட்டமில்லாத, தாழ்ந்த மனநிலை நாளின் பெரும்பகுதியும், ஏறக்குறைய தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை மனச்சோர்வு நோயாக நினைத்து மருத்துவரிடம் போக வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம், அன்றே போக வேண்டும். அந்த நேரத்தில் உபவாசம் இருக்கச் சொல்பவர் நல்ல எண்ணத்தோடு சொன்னாலும் ஆபத்தானதைச் சொல்கிறார். 'போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்' என்று சொன்ன எலியாவுக்குத் தூதன் கொடுத்தது தூக்கத்துக்கு இடைவெளியும் இரண்டு முறை சாப்பாடும். எலிசாவை அபிஷேகம் பண்ணும்படியான கட்டளை ஓரேப் மலையில், அதற்கெல்லாம் பிறகே வருகிறது.

19ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன் இதை மறைக்காமல் பேசினார். 1856இல் லண்டன் சர்ரே கார்டன்ஸ் மண்டபத்தில் அவர் பிரசங்கிக்கும்போது யாரோ தீ என்று பொய்யாகக் கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு வயது 22. அதன் நிழல் கடைசிவரை விலகவில்லை. தன் கல்லூரி மாணவர்களுக்கு ஊழியரின் மனத்தளர்ச்சி பற்றியே ஒரு முழு விரிவுரை கொடுத்தார். பெரிய வெற்றிக்குப் பின், பெரிய காரியத்துக்கு முன், இடைவிடாத உழைப்புக்கு நடுவில் அது வரும் என்று எச்சரித்தார். கடற்காற்று ஆத்துமாவுக்குக் கிருபை தராவிட்டாலும் உடலுக்கு ஆக்சிஜன் தரும், அது அடுத்தபடியாக நல்லது என்று கிண்டலாகவும் சொன்னார்.

சபையின் பாதி

'நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்' என்று மாமனார் எத்திரோ மோசேயிடம் சொன்னதில் ஜனங்களும் என்ற சொல்லைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்த்தால் காத்துக்கிடக்கும் கூட்டமும் களைக்கிறது. அதற்கு எத்திரோ சொன்ன தீர்வு நிர்வாகம் சார்ந்தது: ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வை. துறவி பெனடிக்ட் மடங்களுக்கு எழுதிய விதியும் இதையே சின்ன அளவில் செய்கிறது. மடத்தின் பண்டசாலைக்காரர் மன அமைதியோடு வேலை செய்ய, கூட்டம் பெரிதானால் அவருக்கு உதவியாளர்கள் கொடுக்க வேண்டும் என்கிறது.

ஆகவே கமிட்டி எழுத்தில் முடிவு செய்ய வேண்டிய சில இருக்கின்றன. வார விடுமுறை எந்த நாள், அன்று மரணச் செய்தி வந்தால் யார் போவது, வருடத்தில் எத்தனை ஞாயிறு போதகர் மேடையேறாமல் இருக்கலாம், ஆலோசகரிடம் போகும் செலவை யார் ஏற்பது. வாய்மொழியாக 'நீங்கள் ரெஸ்ட் எடுங்கள் பாஸ்டர்' என்பது அன்பு. ஆனால் அதை நம்பி யாரும் போனை அணைக்க மாட்டார்கள். போதகர் விடுமுறையில் போன வாரம் ஆராதனை நன்றாகவே நடந்தால், அதைச் சபை அவரிடம் மகிழ்ச்சியாகச் சொல்லவும் வேண்டும். தான் இல்லாவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்ற எண்ணத்தைப் பல சபைகள் தெரிந்தோ தெரியாமலோ ஊட்டி வளர்க்கின்றன.

எவ்வளவு திட்டமிட்டாலும் ஓய்வு குலையும். மாற்கு 6இல் சாப்பிடவும் நேரமில்லாதிருந்த சீஷர்களை இயேசு இளைப்பாறக் கூட்டிப்போகிறார். கரை இறங்குவதற்குள் கூட்டம் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. அவர் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. போதித்தார், ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடும் கொடுத்தார். ஆனால் அதோடு ஓய்வு ரத்து என்று விடவில்லை: அன்றைக்கே சீஷர்களைப் படகில் ஏற்றி அனுப்பி, ஜனங்களையும் அனுப்பிவிட்டு, ஜெபிக்கத் தனியே போனார். கமிட்டித் தீர்மானத்தில் இதை ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்: விடுமுறை நாளில் அடக்கத்துக்குப் போக நேர்ந்தால், அதற்கு ஈடான நாள் அதே வாரத்தில், அடுத்த மாதத்தில் அல்ல.